எடுத்த வரி

அண்ணன் இறந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. அவனைப் பற்றி எழுதும்படி நண்பர்கள் இரண்டு முறை கேட்டார்கள். கவிதைகளைப் புத்தகமாகக் கொண்டுவர வேண்டும் என்றும் சொன்னார்கள். இரண்டையும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். துக்கம் காரணமல்ல. எங்கள் இருவருக்கும் இடையில் ஒரு வரி கணக்குத் தீராமல் கிடக்கிறது. அதைச் சொல்லாமல் வேறு எதை எழுதினாலும் அது இரங்கல் கூட்டப் பேச்சாகிவிடும்.

நாலு பேர் முன்னால் அவனை 'அவர்' என்றுதான் சொல்வேன். தனியே இருக்கும்போது 'நீ', 'அவன்'. நாலு வயது வித்தியாசம் எங்களுக்குள் அவ்வளவுதான் மிச்சம் வைத்திருந்தது. இங்கேயும் அவன் என்றே எழுதுகிறேன்.

அப்பா போன வருஷம், 1966இல், பதினாறு வயதில் அவன் கும்பகோணத்தில் ஓர் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தான். கம்பாஸிட்டர். அந்தச் சம்பளத்தில்தான் நான் கல்லூரியில் படித்தேன். நான் பாடமாகப் படித்த இலக்கியத்துக்கும் இலக்கியத்துக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குக் காட்டியவனும் அவன்தான். பழைய பேப்பர் கடையில் செல்லப்பாவின் 'எழுத்து' இதழ்கள் சில எடைக்குக் கிடந்தன. வாங்கி வந்து, ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து எனக்கு வாசித்துக் காட்டினான். புதுக்கவிதை பற்றி நான் அறிந்த முதல் விஷயம், அதைக் கோப்பதற்கு நிறைய குவாட் வேண்டும் என்பது. உரைநடையில் வரி ஓரம் வரை எழுத்து ஓடிவிடும். கவிதையில் வரி பாதியில் நிற்கிறது. மீதி இடத்தை ஈயத்தால் அடைத்தால்தான் பக்கம் நிற்கும். "காகிதத்தில் வெறுமையாத் தெரியறதெல்லாம் எங்களுக்கு ஈயம்டா. தூக்கிப் பாத்தாத் தெரியும்" என்பான். மௌனம் பற்றிப் பின்னால் எத்தனையோ கட்டுரைகள் படித்தேன். இதைவிடத் திட்டமாக யாரும் சொல்லிவிடவில்லை.

1976இலிருந்து 1979 வரை நாங்கள் ஒரு பத்திரிகை நடத்தினோம். ஏழு இதழ்கள், முந்நூறு பிரதிகள். ஆசிரியர் என்று என் பெயர் இருக்கும். அச்சக வேலை முடிந்து முதலாளி போனபின் அண்ணன் உட்கார்ந்து கோப்பான். கூலி கிடையாது. அவன் பெயரும் எங்கேயும் கிடையாது. போடலாம் என்று எனக்குத் தோன்றவுமில்லை, போடு என்று அவன் சொல்லவுமில்லை.

என் கட்டுரைகளுக்கு அவனைப்போல் ஒரு விமர்சகன் அதற்குப் பிறகு வாய்க்கவில்லை. ஒரு தடவை கையெழுத்துப் பிரதியோடு திரும்பி வந்தான். "கேஸில் 'ஞ' ஆறுதான் இருக்கு. நீ ஒரே பக்கத்தில் ஒன்பது பிரக்ஞை எழுதியிருக்கே. மூணைக் குறை." எனக்குக் கோபம் வந்தது. ஆனால் குறைத்துப் பார்த்தால், அந்த மூன்றும் வெறும் அலங்காரம். இன்னும் இரண்டைக்கூட எடுத்திருக்கலாம்.

மூன்றாம் இதழுக்கு, 1977இல், அவன் ஒரு கவிதை தந்தான். 'தந்தான்' என்பதுகூடச் சரியில்லை. காகிதத்தில் எழுதவேயில்லை. நேராக ஸ்டிக்கில் கோத்து, கேலியில் ஏற்றி, புரூஃப் எடுத்து என் முன்னால் வைத்தான். அம்மா போனபின் விளக்கு வைக்காத மாடத்தில் படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கைப் பற்றிய கவிதை. பதினோரு வரி. நன்றாக இருந்தது. நான் ஆசிரியன், இருபத்துமூன்று வயது. எலியட்டின் 'பாழ்நில'த்தைப் பவுண்டு வெட்டிப் பாதியாக்கிய கதையை அப்போதுதான் படித்துத் தலைக்கேற்றிக்கொண்டிருந்தேன். கவிதை பத்தாவது வரியிலேயே முடிந்துவிட்டது, கடைசி வரி விளக்கம் சொல்கிறது என்றேன். சிவப்பு மையால் அடித்தேன்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. கேலியிலிருந்து அந்த வரியை இரண்டு விரலால் நெம்பி எடுத்து இடது கையில் வைத்துக்கொண்டு, எழுத்து எழுத்தாகக் கேஸில் பிரித்துப் போட்டான். ஒவ்வொன்றும் அதனதன் அறையில் விழுகிற சின்னச் சத்தம். கடைசியாகப் போட்டது ஒரு 'லை'. அந்நாளைய துதிக்கை போட்ட 'லை'. அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. பிறகு, "பக்கம் கட்டலாமா?" என்று கேட்டான்.

அதற்குப்பின் அவன் எனக்குக் கவிதை தரவில்லை. எழுதுவதை விட்டுவிட்டான் என்றே நினைத்தேன். அரசலாற்றுப் பக்கம் சேர்ந்து நடந்தோம், சண்டை போட்டோம், படித்ததைப் பேசினோம். அந்த வரியை மட்டும் இரண்டு பேரும் எடுக்கவில்லை. 1978 அக்டோபரில் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தது. பெரியார் 1935இலேயே குடி அரசில் கையாண்டுகாட்டிய வடிவங்கள். 'ணை', 'லை', 'ளை', 'னை' எல்லாம் துதிக்கை இழந்தன. எங்கள் ஊர் அச்சகம் மாறச் சில வருஷம் பிடித்தது. பழைய எழுத்துக்களை உருக்கக் கொடுத்தபோது ஒரு கைப்பிடி எடுத்துத் தகர டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டான். சீர்திருத்தத்தை அவன் எதிர்க்கவில்லை. கேஸில் அறைகள் குறைந்தால் கை குறைவாக நீளும், நல்லதுதான் என்றான். ஆனாலும் டப்பா இருந்தது. தொண்ணூறுகளில் ஆஃப்செட் வந்து அச்சகமே எடைக்குப் போனபோதும் இருந்தது. பிறகு கடைசி வரை புரூஃப் திருத்திப் பிழைத்தான்.

இப்போது டப்பாவும் ஐந்து நோட்டுக்களும் என்னிடம் இருக்கின்றன. நூற்றுநாற்பது கவிதைகள். எனக்குத் தெரியாமல் முப்பது வருஷத்துக்கு மேல் எழுதியிருக்கிறான். நண்பர்கள் முன்னுரையில் எதிர்பார்க்கிற வார்த்தைகளை நான் எழுதப்போவதில்லை. முதல் இரண்டு நோட்டுக்களில் ந. பிச்சமூர்த்தியின் நிழல் கனமாக விழுகிறது. பலவற்றில் ஒரே படிமம் திரும்பத் திரும்ப வருகிறது. முப்பது கவிதைகள் தேறும். அந்த முப்பதில் ஏழெட்டை நான் பொறாமையில்லாமல் படிக்க முடியவில்லை. இவ்வளவுதான் என் கணிப்பு. குறைத்துச் சொன்னால் அவனுக்குத் துரோகம். கூட்டிச் சொன்னாலும் அதேதான்.

மாடத்துக் கவிதை முதல் நோட்டில் இருக்கிறது. பத்து வரிகளோடு. அதாவது, நான் வெட்டியபடி. என் திருத்தத்தை ஏற்றுக்கொண்டிருக்கிறான் என்று ஒரு நாள் முழுக்க நிம்மதியாக இருந்தேன். மறுநாள் எண்ணிப் பார்த்தேன். எல்லாக் கவிதைகளுக்கும் நடுவில் இரண்டு வரி இடம் விடுகிறவன், இதற்கும் அடுத்ததற்கும் நடுவில் மட்டும் மூன்று வரி விட்டிருக்கிறான். கை தவறியிருக்கலாம். ஆனால் வெற்றிடமும் ஈயம் என்று சொன்னவன் அவன்.

எலியட்டின் பிரதி தொலைந்துபோனது என்றே வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 1968இல் நியூயார்க் பொது நூலகத்தில் இருப்பது தெரியவந்து, 1971இல் அப்படியே அச்சாகியது. பவுண்டு எதை எடுத்தார், எடுத்தது சரியா என்று இன்று யாரும் பார்க்கலாம். என் வெட்டைப் பார்க்க வழியில்லை. அந்த வரி அன்று ராத்திரியே எழுத்துக்களாகப் பிரிந்து, மறுநாள் ஏதோ கல்யாணப் பத்திரிகைக்குள் போயிருக்கும். யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டேன். வரி நினைவுக்கு வரவில்லை. அந்த 'லை' மட்டும் வருகிறது. அது 'இல்லை'யின் லையா, 'மாலை'யின் லையா, 'திரியவில்லை' போன்ற எதனுடையதாவதா? 'இல்லை'யாக இருந்தால் கவிதை முழுதுமே வேறு பக்கம் திரும்பியிருக்கும். விளக்கம் என்று நான் அடித்தது மறுப்பாக இருந்திருக்கக்கூடும்.

புத்தகம் வரும். முப்பது கவிதைகளைத் தேர்ந்தெடுக்கும் வேலையை வேறொருவர் செய்யவேண்டும். நான் ஒரு தடவை தேர்ந்தெடுத்தாகிவிட்டது. மாடத்துக் கவிதைக்குக் கீழே ஒரு வரி இடம் கூடுதலாக விடச் சொல்லியிருக்கிறேன். இன்றைக்குக் கணினியில் அது ஒரு விரல் தட்டு. எடையில்லை.

ஒரு விஷயம் பாக்கி. அன்று புரூஃப் இரண்டு எடுத்தான். சிவப்பு மை போட்டது பசை தடவப் போயிருக்கும். மற்றதை அன்று அச்சகத்துக்கு வந்திருந்த நண்பர் ஒருவர் மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டதாக ஞாபகம். யார் என்று நிச்சயமாகத் தெரியவில்லை. அவர் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவராகத்தான் இருப்பார். பழைய புத்தகங்களைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கவேண்டும். பதினோரு வரி இருக்கும். கடைசி வரி வேண்டும்.