சம்பவம் என்றொரு சொல்

சிறைக்குள் ‘கொலை’ என்ற சொல் அதிகம் காதில் விழுவதில்லை. ‘சம்பவம்’ என்பார்கள். “சம்பவம் நடந்தன்னிக்கு நான் குடிச்சிருந்தேன் சார்.” “சம்பவம் ஆகிப்போச்சு சார்.” இறந்தவருக்கும் பெயர் கிடையாது, ‘எதிர் பார்ட்டி’ அவ்வளவுதான். ஆயுள் தண்டனைவாசிகளோடு வட்டமாக உட்கார்ந்து பேசும் வேலையைப் பதினோரு ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். என்ன வேலை அது என்று கேட்பவர்களிடம், ஒரு வினைச்சொல்லை இடம் மாற்றும் வேலை என்பேன். ‘ஆகிப்போச்சு’ என்பதிலிருந்து ‘நான் செஞ்சேன்’ வரைக்கும். சிலருக்கு அதற்கு ஆறு மாதம் ஆகிறது. சிலருக்குக் கடைசிவரை வாய்ப்பதில்லை.

சீரமைப்பு நீதி என்று இன்று சொல்லப்படும் முறை, 1974-இல் கனடாவின் எல்மைரா என்ற சிற்றூரில் நடந்த ஒன்றிலிருந்து வளர்ந்தது. குடிபோதையில் 22 இடங்களில் சேதம் செய்த இரண்டு இளைஞர்களை, நன்னடத்தை அலுவலர் ஒருவர் நீதிபதியின் அனுமதியோடு பாதிக்கப்பட்டவர்களின் வாசலுக்கே கூட்டிப்போனார். யாருக்கு எவ்வளவு நட்டம் என்று நேரில் கேட்டு ஈடுகட்டினார்கள். உடைந்த கண்ணாடிக்குக் கதவைத் தட்டலாம். உயிருக்கு எந்தக் கதவைத் தட்டுவது? அதனால் பல நாட்டுச் சிறைகளில் வேறொரு வழி வந்தது. கைதியின் வழக்கோடு தொடர்பில்லாத, ஆனால் அதே மாதிரி இழப்பைச் சந்தித்த ஒருவர் வந்து வட்டத்தில் உட்கார்வார். இதில் பெயர்பெற்ற ஒரு திட்டத்துக்கு, பைபிளில் வரும் சகேயு ஏறிய காட்டத்தி மரத்தின் பெயர். ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று சொன்னவன் அவன்.

எங்கள் வட்டத்தில் எட்டுப் பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. ஒரு எவர்சில்வர் தம்ளர் நிறையத் தண்ணீர். அது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசுவார். கை நடுங்கித் தண்ணீர் சிந்தினால் யாரும் எதுவும் கேட்கக் கூடாது. வாசலுக்கு முதுகு காட்டி யாரையும் உட்காரவைக்க மாட்டேன். சாவிக்கொத்துச் சத்தம் கேட்டாலே தோள் இறுகிவிடுகிறவர்கள் அவர்கள். இதில் கலந்துகொண்டால் தண்டனைக் குறைப்போ பரோலோ கிடைக்காது என்று முதல் நாளே சொல்லிவிடுகிறோம். அந்த ஆசை உள்ளே வந்தால் பேச்சு நடிப்பாகிவிடும்.

நேரம் பற்றிக் கற்றதற்கு நான் விலை கொடுக்கவில்லை, வேறொருவர் கொடுத்தார். முதல் ஆண்டில், மாலை லாக்-அப்புக்குச் சற்று முன்வரை ஒருவரைப் பேசவைத்துவிட்டேன். தன் பத்து வயதில் தங்கை தீக்குளித்ததைப் பார்த்தவர் அவர். அன்றிரவு செல் சுவரில் தலையை மோதிக்கொண்டார். நெற்றியில் தையல். திறந்த புண்ணோடு அவரைப் பூட்டப்பட்ட அறைக்கு அனுப்பியவன் நான். அன்றிலிருந்து காலையில்தான் வட்டம். கனமான பேச்சு முடிந்தபின் ஒரு மணி நேரம் சும்மா பேசிக்கொண்டிருப்போம். ஊர்த் திருவிழா, மீன் குழம்பு, எதுவானாலும்.

வட்டத்துக்கு வருபவரிடம் முதலில் அவருக்கு நேர்ந்ததைக் கேட்கிறேன். குழந்தையாக அடிபட்ட கதையைச் சிரித்துக்கொண்டே சொல்பவர்கள் நிறையப் பேர். “எங்கப்பா கிணத்தடிக் கல்லுல கட்டிவச்சு உரிப்பாரு சார்” என்று ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பு வந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். தோண்டக் கூடாது. அடுத்த வாரமோ அடுத்த மாதமோ அவரே அந்தக் கிணற்றடிக்குத் திரும்பி வருவார். அப்போது சிரிப்பு இருக்காது.

ஆனால் அங்கேயே தங்கிவிடவும் விடக் கூடாது. என்னை மிகவும் கவனமாக்கிய சொல் ‘அதனால’. “அப்பா அடிச்சாரு, அதனால எனக்குக் கோவம் அடங்காது, அதனால…” இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் ஒரு பிணம் இருக்கும். அதை யாரும் போடவில்லை என்பது போல இருக்கும். அவருடைய வலி உண்மை. அவர் செய்ததும் உண்மை. அப்பா அடித்தார். நான் வெட்டினேன். நடுவில் முற்றுப்புள்ளி வேண்டும். ஆறுதல் சொல்லத் துடிக்கும் புதியவர்கள் அந்தப் புள்ளியை அழித்துவிடுகிறார்கள். அது இரக்கம் அல்ல என்று உறுதியாக நம்புகிறேன். பாதிக்கப்பட்ட வீட்டுக்கு மீண்டும் ஒரு முறை அநியாயம் செய்வது அது.

கணவரைக் கொலையில் இழந்த தையல்காரப் பெண் ஒருவர், தானே கேட்டு ஒருமுறை வட்டத்துக்கு வந்தார். அவரோடு நான்கு மாதம் பேசிய பிறகே உள்ளே அழைத்துப்போனேன். மன்னிக்கிறேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்லும்படி நானும் கேட்கவில்லை. “புள்ளைக்குப் பள்ளிக்கூடத்துல ஃபாரம் எழுதறப்போ, அப்பா பேருக்கு முன்னாடி ‘லேட்’ன்னு போடணும். ஒவ்வொரு வருசமும் போடணும்” என்றார். தம்ளர் அடுத்தவர் கைக்குப் போனது. வெகு நேரம் கழித்து அந்தக் கைதி, தான் கொன்ற மனிதரின் பெயரைச் சொன்னார். சிறையில் கழித்த ஒன்பது ஆண்டுகளில் அந்தப் பெயரை அவர் வாயால் உச்சரித்தது அதுவே முதல் முறை.

2008 மார்ச்சில் பிரியங்கா காந்தி ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டிக்கப்பட்ட நளினியை வேலூர்ச் சிறையில் சந்தித்ததைப் பலர் என்னிடம் மன்னிப்பின் கதையாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. தந்தையை இழந்த மகள் தானாக விரும்பிப் போனார். எப்போது, எதற்காக என்று அவர்தான் முடிவு செய்தார். உறவை இழந்தவர்களிடமிருந்து அந்த உரிமையைப் பிடுங்கும் எந்தச் சந்திப்பையும் நான் நடத்த மாட்டேன்.

சிறைத் தறியில் வேலை பார்த்த ஒருவர் போன ஆண்டு ஒரு கேள்வி கேட்டார். தமிழ்நாட்டுச் சிறைகளில் தண்டனைவாசியின் கூலியில் 20 சதவீதம் பாதிக்கப்பட்டவர்களுக்கான நிதிக்குப் பிடிக்கப்படுகிறது. கூலியில் ஒரு பங்கு அவர்களுக்குச் சேர வேண்டும் என்று உச்ச நீதிமன்றமும் 1998-இல் சொல்லியிருக்கிறது. “நான் நெஞ்சதுல அவங்க வீட்டுக்கு ஏதாச்சும் போச்சா சார்?” என்னிடம் பதில் இல்லை. எனக்குத் தெரிந்த குடும்பங்களில் பலருக்கு அப்படியொரு நிதி இருப்பதே தெரியாது.

உங்கள் தெருவில் கொலையில் ஒருவரை இழந்த வீடு இருந்தால், ஒருமுறை போய்ச் சொல்லுங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இழப்பீட்டுக்கு மனுக் கொடுக்கலாம். குற்றவாளி யாரென்றே கண்டுபிடிக்கப்படாவிட்டாலும் கொடுக்கலாம். சிறை நிதி பற்றியும் அங்கேயே கேட்கச் சொல்லுங்கள்.