காய்ந்தபின் தெரியும் நிறம்

ஈரமாக இருக்கும்போது எல்லாப் படமும் அழகுதான். கழுவும் தொட்டியிலிருந்து எடுத்துக் கண்ணாடிமேல் ஒட்டிப் பார்த்தால் வெளிச்சங்கள் பளிச்சிடும், நிழலுக்குள்ளும் கண் போகும். மறுநாள் காய்ந்ததும் எல்லாம் ஒரு படி இறங்கியிருக்கும். இருட்டறைக்காரர்கள் இதை ‘டிரை டவுன்’ என்பார்கள். ஈரத்தில் சரியாகத் தெரிந்த நேரத்தைவிட 5 முதல் 10 விழுக்காடு குறைத்து ஒளி கொடுப்பது வழக்கம். எவ்வளவு என்பது தாளுக்குத் தாள் மாறும்.

பனிக்கும் வெள்ளை வேட்டிக்கும் இந்தக் கணக்கு சுலபம். கறுத்த முகத்துக்கு அப்படியில்லை.

நான் அச்சிடுவது ஆச்சியின் முகம். அம்மாவைப் பெற்றவள், நான் பிறக்கும் முன்பே போய்விட்டாள். திருநெல்வேலி வீட்டுச் சுவரில் இருப்பது ஸ்டுடியோ படம். நெகட்டிவில் பென்சில் ஓட்டி வெளுக்க வைத்த முகம். அக்காலத்தில் அது மரியாதை என்றே கருதப்பட்டது. மாமா இறந்தபின் அவர் பெட்டியிலிருந்து வேறொரு நெகட்டிவ் கிடைத்தது. அக்ஃபா க்ளிக் 3 கேமராவில், புறவாசலில் எடுத்தது. 6 சென்டிமீட்டர் சதுரம். ஆச்சி முறத்தோடு உட்கார்ந்து யாரையோ திட்டிக்கொண்டிருக்கிறாள். அதன்மீது யார் பென்சிலும் படவில்லை.

பிளாஸ்டிக் பூசிய ஆர்.சி. தாளில் அச்சிட்டிருந்தால் சில நிமிடக் கழுவலோடு வேலை முடிந்திருக்கும், தானே தட்டையாகக் காய்ந்தும் விடும். எனக்குப் பிடித்தது ஃபைபர் தாள். பருத்த காகிதம், அதன்மேல் பேரைட்டா பூச்சு, அதற்கும் மேல் ஜெலட்டின். ஒரு மணி நேரம்கூடக் கழுவ வேண்டிவரும். காயும்போது ஜெலட்டின் ஒரு அளவில் சுருங்கும், காகிதம் வேறு அளவில். ஆகவே படம் தன் முகத்தை உள்ளே வைத்துச் சுருண்டுகொள்ளும். டொராண்டோ குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டுக்குள் காற்றே வறண்டு கிடக்கும். அப்போது அப்பளம் பொரிந்த மாதிரிதான்.

கொசுவலைச் சட்டத்தில் கவிழ்த்துப் போட்டுக் காயவைத்துப் பிறகு சூட்டு அழுத்தியில் வைப்பவர்கள் உண்டு. என்னிடம் அழுத்தி இல்லை. ஈரப் படத்தைக் கண்ணாடிமேல் முகம் மேலாக விரித்து, ரப்பர் பட்டையால் நீரை வழித்து, தண்ணீர் தொட்டு ஒட்டும் பழுப்புக் காகித நாடாவை நான்கு ஓரமும் பாதி படத்திலும் பாதி கண்ணாடியிலுமாக ஒட்டிவிடுவேன். காயக் காயத் தாள் சுருங்கப் பார்க்கும், நாடா விடாது. காலையில் மிருதங்கத் தோல்போல் விறைத்து நிற்கும். ஓரத்தில் பிளேடு ஓட்டி எடுக்க வேண்டியதுதான். ‘இன்று இரவுக்குள் அனுப்பிவிடுகிறேன்’ என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிப் பிழைக்கிறவனுக்கு, காலைவரை யாராலும் அவசரப்படுத்த முடியாத ஒரு வேலை கிடைத்திருப்பது பெரிய விஷயம்.

அம்மாவிடம் போனில் கேட்டேன். “ஆச்சி என்ன நிறம்மா?”

“கறுப்புதான். இதென்ன கேள்வி?” கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள், “ஆனா எண்ணெய் தேய்ச்சாப்ல ஒரு கறுப்புல. வெயில்ல நின்னா மினுங்கும்.”

மினுக்கத்துக்கும் ஒரு வழி இருந்தது. பழைய ஸ்டுடியோக்களில் ஈரப் படத்தைக் குரோமியத் தகட்டில் முகம் கவிழ்த்து, துணி இழுத்துப் பிடித்துச் சூடேற்றுவார்கள். காய்ந்து தானே கழன்று விழும்போது கண்ணாடிபோல் பளபளக்கும். அந்தப் பளபளப்பில் ஜன்னலும் விளக்கும் தெரியுமே தவிர முகம் தெரியாது என்பது என் கட்சி. அதே பளபளப்புத் தாளைக் காற்றில் காயவிட்டால் அடங்கிய ஒரு மினுக்கம் வரும். அம்மா சொன்னது அதற்குத்தான் பொருந்துகிறது.

நேரம்தான் முடிவாகவில்லை. 14, 15, 16 வினாடிகளில் மூன்று படங்கள் செய்தேன். 14இல் முறம் அழகு, ஆச்சி கொஞ்சம் ஸ்டுடியோப் பக்கம் சாய்கிறாள். 16இல் கன்னத்து மேடு நிழலோடு கலந்துவிடுகிறது. ஆனால் கோபம் அதில்தான் இருக்கிறது. என் மகள் 16ஐ எடுத்துத் தன் கையருகே வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள்.

வாட்ஸப்பில் அனுப்பிப் பயனில்லை. அம்மாவின் போன் எல்லாரையும் சிவப்பாக்கிவிடும். முதுகலைப் படிப்புக்கு வாங்கிய கனத்த பாடப்புத்தகங்களுக்கு அடியில் மூன்றையும் ஒரு வாரம் வைத்திருந்து, இரு அட்டைகளுக்கு நடுவே தட்டையாகத் தபாலில் போட்டேன். பின்பக்கம் பென்சிலால் 1, 2, 3 என்று மட்டும் எழுதியிருக்கிறேன். எது எத்தனை வினாடி என்று எழுதவில்லை.