கெண்டைக்காலுக்கு ஒரு பலகை

கெண்டைக்காலைப் பற்றி நம் தேகப்பயிற்சிச் சாலைகள் அதிகம் கவலைப்பட்டதில்லை. தோளுக்குக் கர்லாக்கட்டை, தொடைக்குப் பஸ்கி, அதற்குக் கீழே நடப்பது நடக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். குதிகாலுக்கு மேலே உள்ள தடித்த தசைநாண் வீங்கி, காலையில் முதல் பத்தடியைச் சுவரைப் பிடித்துக் கடக்கும்படி ஆன பிறகே அந்த இடம் எனக்கு உறைத்தது. அப்பாவுடன் ஏரிக்கரை வரை போகும் மாலை நடை நின்றுபோயிற்று. வீட்டுக்குள் நாங்கள் அதிகம் பேசிக்கொள்வதில்லை, பேச்செல்லாம் கரையில்தான்.

ஸ்வீடன் மருத்துவர் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் 1998இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. இதே வலி கொண்ட 15 பேர். நல்ல காலால் எழும்பி, வலிக்கும் காலால் மட்டும் படி விளிம்பில் மெல்லத் தாழ வேண்டும். முழங்காலை நீட்டி 15 வீதம் மூன்று சுற்று, மடக்கி மூன்று சுற்று, காலையும் மாலையும். நாளொன்றுக்கு 180, பன்னிரண்டு வாரம். ஓரளவு வலித்தாலும் தொடர வேண்டும். வலி விட்டதும் முதுகுப்பையில் எடை ஏற்ற வேண்டுமாம்! பதினைந்து பேரும் மீண்டும் ஓடினார்கள்.

முழங்காலை ஏன் மடக்குவது? கெண்டைச் சதை இரண்டடுக்கு. மேலடுக்கு முழங்காலைத் தாண்டித் தொடையெலும்பைப் பற்றியிருக்கிறது. முழங்கால் மடங்கினால் அது தளர, அடியிலுள்ள தட்டைத் தசை பாரத்தை ஏற்கிறது.

எங்கள் வீட்டில் ஏறி நிற்கப் படி கிடையாது. தச்சு வேலையை விட்டும் உளிகளை விடாத அப்பா, பழைய வேங்கைக் கட்டிலின் சட்டங்களை அடுக்கித் திருகாணி முடுக்கினார். குதிகால் முழுதும் தாழ நான்கு அங்குல உயரம் கேட்டேன், ஐந்து வைத்தார். விளிம்பை உருட்டி இழைத்து, வழுக்காமலிருக்கப் பழைய சைக்கிள் ட்யூபை ஒட்டினார். அடிப்பலகையைக் குதிகால் பக்கம் ஒரு சாண் நீட்டியது அவர் யோசனை. “இல்லேன்னா குடை சாஞ்சிடும்டா.”

எடைக்கு ஐந்து கிலோ அரிசிப் பை. எட்டாம் வாரத்தில் ஏரிக்கரையின் பாதி வரை போனோம். அப்போதுதான் பார்த்தேன், அப்பாவின் வலதுகால் விரல்நுனி மண்ணை உரசியது. நரம்பில் கோளாறில்லை, முன்காலில் வலுவில்லை என்றார் மருத்துவர். பாதத்தை மேலே தூக்குவது அந்த ஒல்லித் தசைதான். ட்யூபின் மிச்சத்தைக் கட்டில் காலில் கட்டி, வளையத்தை அவர் பாதத்தில் மாட்டினேன்.

“எத்தனை தடவை?”

“பதினஞ்சுப்பா.”

இருபது இழுத்துவிட்டு, முடிச்சு சரியில்லை என்று அவிழ்த்து அவரே மறுபடி கட்டினார்.