மூன்றாவது ஆள்

நாயோடு ஹோட்டலில் தங்கப் போகிறேன் என்றதும் மனைவி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "வயசு போன காலத்தில உங்களுக்கு இது தேவையா?" என்று மட்டும் கேட்டாள்.

நாய் என்னுடையதல்ல, நண்பருடையது. முழங்கால் உயரம்கூட வராத சின்ன நாய். நண்பர் கதிரவெளியில் பிறந்தவர், இப்போது வாழைச்சேனையில் இருக்கிறார். நான் ஏறாவூர். எண்பதுகளில் இருவரும் ஒரே பாடசாலையில் படிப்பித்தோம். நான் அவரை 'மாஸ்டர்' என்பேன், அவருக்கு நான் 'நானா'. 1990 ஓகஸ்ட் 12இல் ஏறாவூரில் புலிகள் 100இற்கும் மேற்பட்ட முஸ்லிம்களைக் கொன்றார்கள். செப்டெம்பர் 5இல், வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்த 150இற்கும் மேற்பட்ட தமிழர்களை இராணுவம் கொண்டுபோனது. அவர்கள் திரும்பவில்லை. அதன்பின் பல வருடங்கள் நானும் மாஸ்டரும் முகம் பார்க்கவில்லை.

பென்சன் எடுத்த பிறகு, இரண்டு நாள் எங்காவது கடற்கரையில் போய் இருந்துவிட்டு வருவோம் என்று பேசிக்கொண்டோம். பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலுக்கு போன் பண்ணினேன். நாய்க்கு இடமில்லை என்றார்கள்.

"அப்ப நீங்க போயிட்டு வாங்க நானா. நான் வரல்ல" என்றார் மாஸ்டர்.

ஒரு நாய்க்காக இவ்வளவு பிடிவாதமா என்று எனக்குக் கோபம்தான். கடைசியில் கதிரவெளிக் கடற்கரையில் ஒரு சின்ன விடுதி, விறாந்தையோடு நிற்பதென்றால் சரி என்றது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து புறப்பட்டோம். ஓட்டமாவடிப் பாலம், மாங்கேணி, பனிச்சங்கேணி, வாகரை. பின் சீற்றில் சாக்கு விரித்து நாயைப் படுக்க வைத்திருந்தார். விடுதியில் பையன் கொப்பியில் 'இரண்டு பேர்' என்று எழுதிக்கொண்டான்.

மாஸ்டர் தன் பையைத் திறந்து, முதலில் ஒரு பொலித்தீன் பொதியை எடுத்து என் அறை வாசலில் வைத்தார். உள்ளே மண்.

"கடற்கரை மண் சரிவருமோ தெரியல்ல. அதான் வீட்டுக் கிணத்தடி மண் கொண்டு வந்தன். நாய் வாய் வச்சா ஏழு தரம் கழுவணுமே, அதில ஒருக்கா மண் போட்டு."

எண்பதுகளில் அவர் வீட்டு நாய் என் சாரனை நக்கிய ஒரு நாள், நான் கழுவியதைப் பார்த்துக்கொண்டு நின்றவர். அதற்குப் பிறகு எத்தனையோ நடந்துவிட்டது. ஆனால் இதை அவர் மறக்கவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கும் இரண்டு பேருக்கும் மீனே சொல்லியிருந்தார்.

சாப்பிட்டு முடித்து விறாந்தையில் இருந்தபோதுதான் கேட்டேன், ஏன் இதை ஒரு நாளும் விட்டுவிட்டு வருவதில்லை என்று.

உடனே பதில் வரவில்லை. பிறகு 2006ஐச் சொன்னார். அப்போது வயதான தாயைப் பார்க்க ஊருக்கு வந்து, வெளியேற முடியாமல் அகப்பட்டுக்கொண்டார். நவம்பர் 8இல் கதிரவெளிப் பாடசாலையில் தங்கியிருந்த அகதிகள் மேல் எறிகணைகள் விழுந்தன. 40இற்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். டிசம்பரில் சனம் காட்டுப் பாதையால் வெளியேறியது. இவரும் தாயைத் தூக்கிக்கொண்டு நடந்தார். வீட்டு நாய் பின்னால் வந்தது.

"தண்ணி கடக்கிற இடத்தில அதையும் கொண்டுபோக ஏலாது. திரும்பிப் போகட்டும் எண்டு கல்லால எறிஞ்சன் நானா. போகல்ல. நிண்டு என்னையே பார்த்துது."

கடல் இரைந்துகொண்டிருந்தது. எனக்குச் சொல்ல ஒன்றும் வரவில்லை. நாய் விறாந்தைப் படியில் கிடந்தது. வெள்ளிக்கிழமைகளில் சூறா கஹ்பு ஓதுவது என் வழக்கம். அன்று காலையும் ஓதியிருந்தேன். அதில் குகைவாசிகளின் வாசலில் ஒரு நாய் கிடக்கிறது. அவர்கள் எத்தனை பேர் என்று சனம் சண்டைபிடிக்கும் இடத்திலெல்லாம், நாயையும் சேர்த்தே எண்ணுகிறார்கள். எத்தனை வருடமாக ஓதியும் அந்த எண்ணிக்கையில் நான் நின்றதில்லை.

காலையில் சுபஹ் தொழுதுவிட்டு வெளியே வந்தேன். மாஸ்டர் நல்ல நித்திரை. நாயின் தண்ணீர்ச் சட்டி காய்ந்து கிடந்தது. கிணற்றில் அள்ளி ஊற்றினேன். ஓடி வந்து குடித்தது. குடித்த வாயோடு தலையை உதறியதில் என் சாரன் விளிம்பு நனைந்துவிட்டது.

கோபம் வரவில்லை. மண் பொதியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் வாளியைச் சரிக்கச் சிரமமாயிருந்தது. பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. மாஸ்டர் ஒன்றும் கேட்காமல் வாளியை வாங்கி ஊற்றத் தொடங்கினார்.

"நாலு முடிஞ்சா?"

"மூண்டுதான்."

அவரே எண்ணி ஊற்றினார். ஏழு முடிந்ததும் மிஞ்சிய மண்ணைக் கொட்டிவிடாமல் பொதியை இறுக்கிக் கட்டினார்.

"வச்சிருப்பம் நானா. அடுத்த முறையும் மூண்டு பேரும்தானே வருவம்."