ரிச்சி ஸ்ட்ரீட்டில் 37 ஆயிரம்!

"பாஸ்... சிசிடிவியா? லேப்டாப் சர்வீஸா? உள்ள வாங்க பாஸ், பார்க்கிறதுக்குக் காசு கேட்க மாட்டோம்!"

மவுண்ட் ரோட்டில் இருந்து ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குள் ரெண்டு அடி வைப்பதற்குள் மூணு பேர் இப்படி வழிமறித்து விட்டார்கள். என் கண்ணைப் பார்த்தே 'ஊர்ல இருந்து வந்திருக்கான், பையில காசு இருக்கு'ன்னு கண்டுபிடிச்சிட்டாங்க போல. உண்மைதான். விழுப்புரத்தில் தையல் மிஷின் ஓட்டும் என் அம்மா, நாற்பதாயிரம் ரூபாய் சீட்டை நாலு மாசம் முன்னாடியே தள்ளி எடுத்தார். தள்ளு போக கைக்கு வந்தது 37,000. நான் மெக்கானிக்கல் மூணாவது வருஷம். காலேஜ் லேப் சாயங்காலம் மூடினால் என் டிசைன் வேலையும் மூடிக்கொள்ளும். அதனால்தான் இந்தக் கம்ப்யூட்டர் யாத்திரை.

எழும்பூரில் இறங்கி மெட்ரோ பிடித்து, சென்ட்ரலில் மாறினால் அடுத்த ஸ்டேஷன் அரசினர் தோட்டம். அங்கிருந்து பொடிநடை. மறந்தும் ஞாயிற்றுக்கிழமை போயிடாதீங்க, பெரும்பாலும் ஷட்டரை மட்டும்தான் பார்க்கலாம். ரேடியோ ஸ்பேர் பார்ட்ஸ் காலத்தில் இருந்தே இந்த ஏரியாவுக்கு எலெக்ட்ரானிக்ஸ்தான் அடையாளம். ஒரு கடையில் காயில், கண்டென்சர். அடுத்ததில் சீரியல் லைட். அதற்கடுத்து ஸ்பீக்கரை அலறவிட்டு டெஸ்ட் செய்கிறார்கள். மாடிப்படிக்கு அடியில்கூட ஒரு கடை இருக்கு. பக்கத்து மீரான் சாகிப் தெருவில் ஒரு காலத்தில் சினிமா விநியோகஸ்தர்கள் ஆபீஸ் வரிசையாக இருந்ததாம். இப்போ படப்பெட்டிக்குப் பதிலா கேபினெட் பெட்டியைத் தலையில் சுமந்து போகிறார்கள். நடுவில் நுழையும் பைக்குகளுக்கு வழிவிடத் தனித்திறமை வேண்டும்.

ஜூலையில் நோட்டில் எழுதிய லிஸ்ட் என் பாக்கெட்டில் பத்திரமாக இருந்தது. ஏஎம்டி ரைசன் 5 5600ஜி ப்ராசஸர், மதர்போர்டு, எட்டு எட்டா 16 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, பவர் சப்ளை, கேபினெட், 22 இன்ச் மானிட்டர், கீபோர்டு, மவுஸ். மொத்தம் 36,200. கணக்கு கச்சிதம்! ஆனா நான் போனது டிசம்பர் 2025.

"ரேம் விலை தெரியுமா தம்பி?" என்று கேட்டு, கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டினார் முதல் கடை அண்ணன். என் நோட்டில் 3,300. அவர் காட்டியது 8,600! ஏஐ டேட்டா சென்டர்களுக்கான மெமரியில்தான் லாபம் என்று கம்பெனிகள் அந்தப் பக்கம் திரும்பிவிட, நம்மைப் போன்ற ஆட்களுக்கான ரேம் விலை ராக்கெட் ஏறிவிட்டது. அதே டிசம்பரில்தான் மைக்ரான் கம்பெனி, 'க்ரூஷியல்' பெயரில் கடைகளுக்கு விற்கும் பிசினஸையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. எஸ்எஸ்டியும் சும்மா இல்லை, அதுவும் ஏறியிருந்தது. மொத்தம் 42,700. கையில் 37,000. வயிற்றைக் கலக்கியது.

அண்ணன் விடவில்லை. "பவர் சப்ளையை லோக்கலா போட்டுக்க, ரெண்டாயிரம் மிச்சம். பில் வேணாம்னா இன்னொரு ரெண்டாயிரம் குறைச்சுக்கிறேன். ப்ராசஸர் பாக்ஸ் இல்லாம ட்ரே பீஸா எடுத்துக்க. எல்லாம் முடிஞ்சிடும்!"

சத்தியமா சொல்றேன், தலையாட்டியே இருப்பேன். அப்போது எங்க சீனியர் அண்ணன் ஞாபகம் வந்தார். தொள்ளாயிரம் ரூபாய் பவர் சப்ளை போட்டிருந்தார். ஒருநாள் 'டப்'புன்னு ஒரு சத்தம். அது மட்டும் போகலை, மதர்போர்டையும் ஹார்டு டிஸ்க்கையும் கூட்டிக்கிட்டுப் போயிடுச்சு. ஹார்டு டிஸ்க்கில் இருந்தது ஃபைனல் இயர் ப்ராஜெக்ட். பில் இல்லாததால் வாரன்டியும் இல்லை.

"யோசிச்சிட்டு வர்றேண்ணே"ன்னு நழுவி, அடுத்தடுத்த கடைகளில் ஏறி இறங்கினேன். இங்கதான் பாடமே ஆரம்பம்.

ஒரு கடையில் இன்டெல் ஐ5 12400எஃப் விலை குறைவாக இருந்தது. கடைசியில் இருக்கும் அந்த 'எஃப்' எழுத்துக்கு என்ன அர்த்தம் தெரியுமா? உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. தனி கிராஃபிக்ஸ் கார்டு வாங்காவிட்டால் மானிட்டரில் ஒண்ணுமே வராது. என் பெஞ்ச்மேட் வாங்கி ரெண்டு நாள் கருப்பு ஸ்க்ரீனை முறைச்சிட்டு உட்கார்ந்திருந்தான். இன்னொரு கடையில் "ஆர்எக்ஸ் 580, எட்டு ஜிபி, யூஸ்டு, சல்லிசு"ன்னு ஆசை காட்டினாங்க. 2022 செப்டம்பரில் எதீரியம் மைனிங் முறை மாறியதும், ராத்திரி பகலா ஓடிய கார்டுகள் எல்லாம் மார்க்கெட்டுக்கு வந்துவிட்டன. அதிலும் 2048எஸ்பி என்று ஒரு வகை உண்டு. பேர்தான் 580, உள்ளுக்குள் கிட்டத்தட்ட 570! மூணாவது கடையில் "ஜென் 4 எஸ்எஸ்டி எடுங்க, டபுள் ஸ்பீடு" என்றார்கள். 5600ஜி ப்ராசஸர் ஜென் 3 வேகம் வரைக்கும்தான் போகும். அந்தக் கூடுதல் காசு தண்டம்.

பவர் சப்ளை கடையில்தான் ரொம்ப நேரம் நின்றேன். ரெண்டு டப்பாவை எதிரில் வைத்தார் கடைக்காரர். ஒன்றில் 500 வாட்ஸ், இன்னொன்றில் 450. விலை கம்மி 500க்குத்தான்! ஸ்டிக்கரைத் திருப்பிப் படித்தேன். 500ல் 12 வோல்ட் வரிசையில் 14 ஆம்ப். பெருக்கினால் 168 வாட்ஸ்தான். முக்கியமான பார்ட்ஸ் எல்லாம் சாப்பிடுவது அந்த வரிசையில் இருந்துதான். 450ல் 36 ஆம்ப், அதாவது 432 வாட்ஸ். சிரித்துவிட்டார்.

"எலெக்ட்ரிக்கலா தம்பி?"

"மெக்கானிக்கல்ணே."

"அப்போ கையில தூக்கிப் பார்த்தே சொல்லியிருக்கலாமே!"

தூக்கிப் பார்த்தேன். 500 வாட்ஸ் காலி டிபன் பாக்ஸ் மாதிரி இருந்தது. கனமானதை 2,900 கொடுத்து, பில்லோடு வாங்கினேன். அவரிடமே மற்றதையும் முடித்தேன். பாக்ஸ் ப்ராசஸர் 11,500, மூணு வருஷ வாரன்டி. மதர்போர்டில் ஒரு படி இறங்கி ஏ520, 4,700. கண்ணாடி, கலர் லைட் எதுவும் இல்லாத கேபினெட் 1,400. மானிட்டர் 7,000. 512 ஜிபி எஸ்எஸ்டி 3,600. கீபோர்டு, மவுஸ் 700.

ரேம்? அவரே வழி சொன்னார். "பழசு வாங்கு. ரேம்ல ஓடுற பார்ட்ஸ் எதுவும் இல்ல, தேய்றதுக்கு. பழைய பவர் சப்ளை, பழைய ஹார்டு டிஸ்க் மட்டும் தொட்டுடாத."

சந்துக்குள் சந்தாகப் போய், ஒரு மேஜை, ஒரு டெஸ்டிங் போர்டு, அவ்வளவுதான் கடை. பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் கழற்றிய 8 ஜிபி டிடிஆர்4 ரெண்டு, சேர்த்து 4,600. ஒரே 16 ஜிபியாக வாங்காததற்குக் காரணம் உண்டு. இந்த ப்ராசஸரின் கிராஃபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ரேமில் இருந்துதான் கடன் வாங்கும். ரெண்டு குச்சி போட்டால் ரெண்டு வழியில் டேட்டா வரும். "ஒரு வாரம் டெஸ்டிங் வாரன்டி. அதுக்கப்புறம் வந்து சண்டை போடக் கூடாது, சரியா?" என்றார் மேஜைக்காரர்.

அசெம்பிள் செய்ய 400. மொத்தம் 36,800. ஸ்விட்ச்சைப் போட்டதும் ஸ்க்ரீனில் 16 ஜிபி என்று வந்தபோது, கடைப் பையனைக் கட்டிப் பிடிக்கலாம் போல இருந்தது. விழுப்புரம் ட்ரெயினில் மடியில் கேபினெட், காலுக்கிடையில் மானிட்டர். "டிவியா தம்பி, எத்தனை இன்ச்?" என்று கேட்ட பாட்டியிடம் விளக்கிச் சொல்வதற்குள் செங்கல்பட்டு வந்துவிட்டது.

வீட்டில் அம்மா பெட்டியைத் தொடவே இல்லை. "பில்லு வாங்கினியா?" என்றுதான் முதல் கேள்வி. ரேஷன் கார்டு வைக்கும் பிஸ்கட் டின்னுக்குள் அது போய்விட்டது. மீதி 200 ரூபாயும் கூடவே.

அன்று ராத்திரி ரெண்டு ரேமையும் மெம்டெஸ்ட்டில் போட்டுவிட்டுப் படுத்தேன். தூக்கம் வந்தால்தானே? ஒரு குச்சி பல்லைக் காட்டினாலும், மறுபடி சென்னைக்கு ஓட வேண்டும். அம்மா ரெண்டு தடவை எழுந்து, "ஏன்டா ராத்திரி பூரா ஓடுது? கரன்ட் பில்லு என்னாகும்?" என்றார். விடியற்காலை போய்ப் பார்த்தேன். நாலு ரவுண்டும் முடிந்து, எரர்ஸ் என்ற இடத்தில் ஒரே ஒரு எண்.

பின்னாலேயே வந்து எட்டிப் பார்த்த அம்மா பதறிப்போய்க் கேட்டார்:

"ஜீரோவா? ஃபெயிலாடா?"