குற்றாலத்தில் இரண்டு மணி நேரம்

மதுரைப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வண்டி எடுத்துக்கொண்டு செங்கோட்டை வழியாகக் கேரளாவுக்குப் போகிற யாராக இருந்தாலும், தென்காசி நெருங்கும்போது வண்டிக்குள் ஒரு குரல் கண்டிப்பாகக் கேட்கும். "போற வழிதானே... குற்றாலத்துல ஒரு குளியல் போட்டுட்டுப் போயிரலாமா?" தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர்தான். இந்தக் கேள்விக்கு 'வேண்டாம்' என்று பதில் சொன்ன குடும்பம் உண்டா என்பது சந்தேகமே!

அதிலும் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் என்றால் சீசன். தென்மேற்குப் பருவக்காற்று, மேற்குத் தொடர்ச்சி மலையில் செங்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் கணவாய் வழியாக இந்தப் பக்கம் நுழைந்துவிடும். கேரளாவில் கொட்டித் தீர்த்த மழையின் மிச்சம் இங்கே சாரலாகத் தூறும். மதுரையில் வெயில் மண்டையைப் பிளக்கும் அதே நாளில் இங்கே சட்டை ஈரமாகி, பல் தந்தியடிக்கும். குற்றாலம் பிடித்துப்போவதற்குப் பாதிக் காரணம் அருவி, மீதிக் காரணம் இந்தச் சாரல்தான்.

அப்படித்தான் மதுரையிலிருந்து ஒரு குடும்பம், ஜூலை மாதத்து சனிக்கிழமை ஒன்றில் கிளம்பியது. மறுநாள் கொல்லத்தில் கல்யாணம். வேனில் அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி, நான்கு பிள்ளைகள், அப்புறம் அப்பத்தா. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா, ராஜபாளையத்தில் டீ, புளியங்குடி தாண்டியதும் கடைசிப் பையனுக்கு வாந்தி. எல்லாக் குடும்பத்துக்கும் நடப்பதுதான்! அப்பா போட்ட கணக்குப்படி குற்றாலத்துக்கு ஒதுக்கிய நேரம் இரண்டு மணி.

பிள்ளைகளைவிட ஆசையாக இருந்தவர் அப்பத்தாதான். பிறந்த ஊர் கடையநல்லூர் பக்கம். கல்யாணத்துக்கு முன்னால் வருஷா வருஷம் மாட்டு வண்டியில் வந்து குளித்த அருவி. மூட்டுவலி வந்த பிறகு பன்னிரண்டு வருஷமாக இந்தப் பக்கமே வரவில்லை. "இன்னொருவாட்டி வருவேனோ மாட்டேனோ" என்று மதுரையிலேயே நாலு தடவை சொல்லியாகிவிட்டது. மாற்றுப் புடவையைத் தனி மஞ்சள் பையில் வைத்து மடியைவிட்டு இறக்கவே இல்லை.

பேரருவிக்குப் போனால் கயிறு கட்டியிருக்கிறது. குளிக்கத் தடை!

குற்றாலத்தைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். சுமார் 60 மீட்டர் உயரத்திலிருந்து வருகிற தண்ணீர் நேராகத் தலையில் விழுந்தால் ஒருவரும் நிற்க முடியாது. நடுவில் பாறையில் 'பொங்குமாங்கடல்' என்று ஒரு பள்ளம் உண்டு. அதில் விழுந்து, வேகம் தணிந்து, பிறகுதான் கீழே வருகிறது. அதனால்தான் கிழவி முதல் குழந்தை வரை குளிக்க முடிகிறது. கீழே பாதுகாப்பு வளைவு ஒன்று கட்டியிருப்பார்கள். தண்ணீர் அந்த வளைவைத் தாண்டி விழ ஆரம்பித்தால் ஆட்களை வெளியேற்றிவிடுவார்கள். அன்றைக்குத் தாண்டித்தான் விழுந்துகொண்டிருந்தது.

ஆனால் வானத்தைப் பார்த்தால் பளிச்சென்று வெயில். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. காவலுக்கு நின்ற போலீஸ்காரரிடம் போனார்.

"சார், ஒரு பொட்டு மழை இல்லையே? 160 கிலோமீட்டர் தாண்டி வந்திருக்கோம். வயசானவங்க இருக்காங்க. ஓரமா நின்னு ரெண்டே நிமிஷம்..."

"எல்லாரும் அதான் சார் சொல்றாங்க. தண்ணி குறைஞ்சதும் விடுவோம்."

சித்தப்பா அதற்குள் வேறு யோசனை சொன்னார். கூட்டம் அந்தப் பக்கம் போகும்போது கயிற்றுக்கு அடியில் புகுந்து ஒரு முக்குப் போட்டுவிட்டு வந்துவிடலாமாம். பெரிய பையன் சட்டையைக் கழற்றியே விட்டான். அப்போதுதான் அப்பத்தா வாயைத் திறந்தார்.

"ஏலே, இங்க வெயிலடிச்சா என்ன, மேல எங்க பெய்யுதுன்னு உனக்குத் தெரியுமா? தண்ணி நெறத்தப் பாரு. பேசாம வாங்கலே."

பார்த்தால் தண்ணீர் வெள்ளையாக இல்லை. செம்மண் கரைத்த மாதிரி, நடுவில் சுள்ளியும் இலையுமாக வந்தது.

அப்பத்தா சொன்னதுதான் முழு விஷயமும். கீழே நிற்கிறவர் கண்ணுக்குப் பேரருவி ஒரு பாறையில் தொடங்கி அங்கேயே முடிகிறது. உண்மையில் அது சிற்றாறு. காட்டுக்குள்ளே தேனருவி, செண்பகாதேவி என்று விழுந்து விழுந்து வருகிற ஆற்றின் ஒரு படிக்கட்டுதான் இது. செங்குத்தான மலை, பாறைத் தரை. மேலே மழை பெய்தால் தண்ணீர் நின்று நிதானமாக வராது. கீழே சொட்டு மழை இல்லாமலே வெள்ளம் வந்து சேரும்.

2024 மே 17-ஆம் தேதி பழைய குற்றாலத்தில் நடந்தது இதுதான். கோடை மழை நேரம். ஆட்கள் குளித்துக்கொண்டிருக்கும்போதே திடீர் வெள்ளம் வந்தது. மற்றவர்கள் அலறி ஓடித் தப்பினார்கள். 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனான். அவனும் சொந்தக்காரர்களோடு சந்தோஷமாகக் குளிக்க வந்தவன்தான்.

அந்தக் குடும்பம் ஒரு மணி நேரம் காத்திருந்தது. பிள்ளைகள் நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கினார்கள், அதில் பாதியைக் குரங்கு வாங்கிக்கொண்டது! அம்மாவும் சித்தியும் குற்றாலநாதர் கோயிலுக்குப் போய் வந்தார்கள். மங்குஸ்தான் விலை கேட்டு, பேரம் பேசி, வாங்காமல் திரும்பினார்கள். தண்ணீர் குறையவே இல்லை.

அப்பத்தா மட்டும் கயிற்றுக்கு இந்தப் பக்கம், அருவித் தூவானம் காற்றில் வந்து விழுகிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டார். முகமும் முன்தலையும் நனைந்தன. முந்தானையால் துடைக்கவில்லை. கிளம்பும் நேரம் வந்ததும் மஞ்சள் பையைப் பிரிக்காமலே வண்டியில் ஏறினார். "திரும்பி வர்றப்போ பாப்போம்மா" என்று அப்பா சமாதானம் சொன்னதற்கு, "பிள்ளைக எல்லாம் ஏறியாச்சா, எண்ணிப் பாரு" என்பதுதான் பதில்.

யோசித்துப் பாருங்கள். அருவியில் ஆபத்தைக் கொண்டுவருவது தண்ணீர் மட்டுமில்லை. 'இவ்வளவு தூரம் வந்துட்டோமே' என்ற நினைப்பும்தான். டீசல் செலவு, ஒதுக்கிய இரண்டு மணி நேரம், பிள்ளைகள் அழுகை எல்லாம் சேர்ந்து கயிற்றுக்கு அடியில் தள்ளிவிடும். இத்தனைக்கும் அன்றைக்கு எல்லோரையும்விட அதிகமாக ஏமாந்தவர்தான் முதலில் 'வேண்டாம்' என்று சொன்னவர்.

ஆகவே குற்றாலம் போகிறவர்களே, கிளம்பும் முன் அன்றைய நிலவரத்தைச் செய்தியில் பார்த்துவிடுங்கள். குளிக்கும்போது தண்ணீர் கலங்கினாலோ, சுள்ளியும் சருகும் வந்தாலோ, இரைச்சல் திடீரென்று கூடினாலோ, சோதித்துப் பார்க்காமல் உடனே வெளியே வாருங்கள். கயிறு கட்டியிருந்தால் திட்டாதீர்கள். சிப்ஸ் வாங்கிக்கொண்டு, சாரலில் நனைந்துவிட்டு, வண்டியில் ஏறும்போது தலையை எண்ணுங்கள். கணக்குச் சரியாக இருந்தால் பயணம் நல்லபடியாக முடிந்தது என்று அர்த்தம்.