மழையைப் பழித்தோம்

பயிற்றப்பட்ட தமிழாசிரியராகிய யாம், பொகவந்தலாவைப் பாடசாலையொன்றின் கணினிக்கூடத்தையும் காத்துவருகின்றோம் என்றால் எம் கல்லூரித் தோழர் நகைப்பர். கூடத்துச் சேர்வர் மழையிரவுகளில் வீழ்ந்துவிடும். வலையமைப்பும் அற்றபின் அதனொடு பேச வழியில்லை. உள்ளேயோ உயர்தர மாணாக்கரின் செயற்றிட்டங்கள்!

பழங்கணினியொன்றில் லினக்ஸை நிறுவி, சீரியல் வடத்தாற் சேர்வரோடு பிணைத்தோம். சேர்வரின் கொன்சோலையும் அத்துறைக்குத் திருப்பினோம். 1960 இல் வகுத்த ஆர்.எஸ்.-232 முறை இன்றும் உழைக்கின்றது. முதலில் அனுமதி மறுக்கப்பட்டது. டயலவுட் குழுவில் எம் பெயரைச் சேர்த்தோம். பின்னர்த் திரையிலே கறையான் அரித்த ஏடுபோலச் சிதைந்த எழுத்துக்கள். சேர்வர் வினாடிக்கு 115200 பிட் வேகத்திற் பேச, யாம் 9600 இற் கேட்டிருந்தோம். இலக்கணங் கற்பிப்போர்க்கு இது தோன்றாமற் போனதே!

கொன்சேர்வர் என்னும் மென்பொருள், வருஞ் செய்தியனைத்தையும் கோப்பிற் பதிந்தது. அடுத்த மழையிரவிலும் சேர்வர் வீழ்ந்தது. காலையிற் கோப்பைப் பார்த்தோம்: இரவிலே தட்டு முழுதும் சோதிக்கப்படும் வேளையில், வரிவரியாக வன்தட்டுப் படிப்புப் பிழைகள். மழையின்மேற் குற்றமில்லை.

மாலைக்குள் ஆக்கங்களைப் புதுத்தட்டுக்கு மாற்றினோம். ஒருத்தியின் ஆக்கம் மட்டும் திறக்க மறுத்தது. அவள் ஒன்றுங் கூறாது மீண்டும் எழுதத் தொடங்கினாள். இருட்டும்வரை யாம் அருகிருந்தோம்.